கோழிப் பட்டிக்கு மேற்கூரை: மழை, சாரல், உறைபனி, பனிப்பொழிவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி நெருங்கினால் போதும், கொல்லையில் பத்து இருபது கோழி வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பட்டி என்று நான் சொல்வது கோழிகள் பகலில் உலாவ வலையடித்து விட்டிருக்கும் திறந்த இடம். இரவில் அடையும் கூண்டு வேறு. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கும், கனடா, பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் கோழி வளர்க்கும் நம்மவர்களுக்கும் பின்பகுதியில் தனியாகச் சில கேள்விகள் உண்டு.

ஊரில் கோழி மழையில் நனைந்துகொண்டேதான் வளர்கிறது. பட்டிக்கு மட்டும் எதற்குக் கூரை?

ஊர் மேய்கிற கோழிக்கு நாலு போக்கிடம் இருக்கிறது. தூறல் விழுந்தால் மாட்டுக்கொட்டகைக்குப் போகும், வைக்கோல் போருக்கு அடியில் ஒண்டும், மழை விட்டதும் உதறிக்கொண்டு வேறு இடத்தில் கிளறப் போய்விடும். தன் எச்சத்தை அது மறுபடி மிதிப்பதே அபூர்வம்.

பட்டிக்குள் இருக்கும் கோழிக்கு அந்த வசதி இல்லை. தின்பது, கழிவது, கிளறுவது எல்லாம் அதே பத்தடி மண்ணில்தான். வெயில் காலத்தில் எச்சம் காய்ந்து தூளாகிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு நாள் மழை பெய்தால் மண்ணும் எச்சமும் சிந்திய தீவனமும் சேர்ந்து சேறாகிவிடும். கோழி அதில்தான் நிற்கிறது, அதில்தான் கொத்துகிறது.

அதனால் கூரையைக் கோழியின் இறகுக்காகப் போடுகிறோம் என்று நினைக்காதீர்கள். நனைந்த இறகு சீக்கிரமே காய்ந்துவிடும். நனைந்த தரை வாரக்கணக்கில் காயாது. கூரை தரைக்காக என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு மூடுவது, எந்தப் பக்கம் படுதா கட்டுவது, தண்ணீரை எங்கே விடுவது என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகக் கிடைத்துவிடும்.

தரை ஈரமானால் அப்படி என்ன ஆகிவிடும்?

முதல் எதிரி ரத்தக்கழிச்சல். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டை எச்சத்தோடு வெளியே வரும்போது நோயைப் பரப்பும் நிலையில் இருப்பதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால்தான் முதிரும். நம் ஊர் மழைக்கால வெப்பநிலையில் அதற்கு ஒன்றிரண்டு நாள் போதும். காய்ந்த தரையில் பெரும்பாலானவை முதிராமலே போகும். மூன்று வாரம் முதல் ஆறேழு வாரம் வரையுள்ள குஞ்சுகள்தான் அதிகம் மாட்டும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் சொருகி, ஓரமாக நிற்கும். எச்சத்தில் ரத்தம் தெரியும். அப்படிக் கண்டால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். முதல் நாளே மருந்து போனால் பெரும்பாலும் பிழைக்கும்.

அடுத்தது அம்மோனியா. எச்சம் ஈரத்தில் ஊறினால் கிளம்புகிற அந்தக் கண் எரிச்சல் வாடைதான். நிமிர்ந்து நின்று மோந்து பார்த்து "ஒன்றும் இல்லையே" என்று சொல்லக்கூடாது. கோழியின் தலை உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால் கோழிக்கு நாள் முழுக்க அதே கதைதான். சளி, கண்ணில் நுரை, மூச்சில் கரகரப்பு எல்லாம் இதன் பின்னால் வரும்.

இவற்றோடு பூஞ்சை பிடித்த தீவனம், ஈரத்திலேயே நின்று பாதத்தில் வரும் புண், தேங்கிய தண்ணீரில் பெருகும் கொசு. கோழி அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் அதையும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டி முழுக்க மூட வேண்டுமா, பாதி போதுமா?

பட்டி 100, 150 சதுர அடிக்குள் இருந்தால் முழுக்க மூடிவிடுங்கள். அத்தனை சின்ன இடத்தில் பாதியைத் திறந்து விட்டால் அந்தச் சேற்றைக் காலிலேயே சுமந்து வந்து மீதிப் பாதியையும் கோழி நாசமாக்கிவிடும்.

பெரிய பட்டி என்றால் கோழி ஒன்றுக்கு 4, 5 சதுர அடியாவது கூரைக்கடியில் கிடைக்கும்படி கணக்குப் போட்டு ஒரு பகுதியை மூடினால் போதும். அந்தப் பகுதி கூண்டின் வாசலை ஒட்டி இருக்க வேண்டும். கூண்டிலிருந்து இறங்கி நனைந்து நடந்துதான் கூரைக்குப் போக வேண்டும் என்றால் சில கோழிகள் கூண்டை விட்டே இறங்காது. தீவனத் தொட்டியும் மண்குளியலுக்கான குழியும் கூரைக்கடியில் வரட்டும். மண்குளியல் இல்லாத கோழிக்கு மழைக்காலத்தில் பேனும் செள்ளும் சீக்கிரம் ஏறும். காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு பழைய டயருக்குள் கொட்டி வைத்தாலே போதும். தண்ணீர்ப் பாத்திரத்தை மட்டும் கூரையின் விளிம்போரம் வையுங்கள். அது சிந்திக்கொண்டே இருக்கும். நடுவில் வைத்தால் நாமே தரையை நனைத்த மாதிரி.

கூரைக்கு எது நல்லது? கீற்றா, தகரமா, தார்ப்பாயா?

கையிருப்பையும் ஊரையும் பொறுத்தது.

தென்னங்கீற்று வெயிலுக்கு ராஜா. மலிவு, குளுமை, மழைச்சத்தமும் கேட்காது. ஆனால் நல்ல செங்குத்தான வாட்டத்தில் நெருக்கமாக வேய்ந்தால்தான் ஒழுகாது. தட்டையாகப் போட்ட கீற்று முதல் அடைமழைக்கே ஊறி, மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பனையோலை கூடுதலாகத் தாங்கும், ஆனால் வேயத் தெரிந்த ஆள் கிடைப்பது இப்போது குதிரைக் கொம்பு. இன்னொன்று, கீற்றின் இடுக்கில் எலியும் கோழி உண்ணியும் குடியேறும். உண்ணி பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில்தான் இறங்கும். ஆகவே கோழி இரவில் அடையும் கம்புக்கு நேர் மேலே கீற்று வேண்டாம் என்பது என் கட்சி. பகல் பட்டிக்குத் தாராளமாகப் போடலாம்.

தகரம், அதாவது ஜிஐ ஷீட் அல்லது வண்ணம் பூசிய ஷீட், ஒருமுறை செலவு செய்தால் பல வருடம் கவலை இல்லை. குறைந்த வாட்டத்திலும் தண்ணீர் ஓடிவிடும். ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில்தான் இறக்க வேண்டும், ரப்பர் வாஷரோடு. பள்ளத்தில் இறக்கினால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை போட்டதாகிவிடும். ஒரு ஷீட்டின் மேல் அடுத்த ஷீட் ஏறும் விளிம்பு, காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கட்டும். அவசரத்தில் ஷீட் அடிக்க வருபவர்கள் இந்த இரண்டையும்தான் மறந்துவிடுவார்கள். கூடவே நின்று பாருங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டில் கிடக்கிறது என்பவர்களுக்கு: கிடக்கட்டும். அறுத்தாலும் துளையிட்டாலும் அதிலிருந்து கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கோழிக்கு முன் அது ஆபத்தாவது உங்களுக்குத்தான்.

தார்ப்பாய் ஒரு பருவத்துக்கு. வாங்கும்போது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் எடை, எவ்வளவு என்று கேளுங்கள். மெல்லிய நீலத் தார்ப்பாய் வெயிலில் சில மாதத்தில் உதிர ஆரம்பித்துவிடும்; உதிர்ந்த இழையைக் கோழி தின்றுவைக்கும். சில்பாலின் வகையில் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் எடுத்தால் பிழைப்பு ஓடும்.

எதைப் போட்டாலும் நடுவில் ஓர் ஒளிபுகும் ஃபைபர் ஷீட் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மார்கழி மூட்டத்தில் இருட்டான பட்டிக்குள் கோழி சோம்பி நிற்கும், முட்டையும் குறையும்.

வாட்டம் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஷீட்டுக்கு 8 அடி அகலத்தில் ஒன்றரை அடி இறக்கம் கொடுங்கள். கீற்றுக்கு அதெல்லாம் பற்றாது, கிட்டத்தட்ட 45 பாகையில் கூராக நிற்க வேண்டும். தாழ்ந்த பக்கம் கூண்டு வாசல் பக்கமாகவோ நீங்கள் உள்ளே நுழையும் பக்கமாகவோ வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் ஊற்றும்.

வலைக்கு மேலேயே தார்ப்பாயை விரித்துக் கட்டிவிட்டால் ஆகாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன், பெரும்பாலும் வலை கிழிந்து விழுந்த பிறகு.

தட்டையாக விரித்த தார்ப்பாய் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் லேசாகத் தொய்யும். அந்தத் தொய்வில் தண்ணீர் நிற்கும், தண்ணீர் கனத்தில் இன்னும் தொய்யும், இன்னும் தண்ணீர் சேரும். ஒரு மீட்டர் நீள அகலத்தில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டையை வலைமேல் ஏற்றி வைத்தது மாதிரி. கோழிவலை அதைத் தாங்காது. விழுவதும் நள்ளிரவில்தான் விழும், மறுநாள் விடிவதற்குள் கீரியோ மரநாயோ உள்ளே வந்துபோயிருக்கும்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு மூங்கிலையோ சவுக்குக் கம்பையோ பக்கச் சட்டத்தைவிட இரண்டடி உயர்த்தி முகடாகக் கட்டுங்கள். தார்ப்பாய் அதன்மேல் ஏறி இரண்டு பக்கமும் இறங்கட்டும். முகட்டுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஓரடிக்கு ஒன்றாகக் கயிறோ கட்டுக்கம்பியோ இழுத்துவிட்டால் நடுவில் தொய்யாது. கம்பின் முனையில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிவிடுங்கள், தார்ப்பாய் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

கூரை இருக்கிறது. ஆனாலும் சாரல் அடித்து உள்ளே பாதி நனைகிறதே?

கூரையின் ஓரம் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு மழை 45 பாகை சாய்ந்து அடித்தால் அது கூரை விளிம்பிலிருந்து 5 அடி தூரம் உள்ளே வரும். கூரையை வலைக்கு வெளியே 3 அடி நீட்டி விட்டிருந்தால் பட்டிக்குள் 2 அடிதான் நனையும். அந்த விளிம்பையே 4 அடி உயரத்துக்குத் தாழ்த்தினால் ஓரடி. பழைய வீடுகளில் தாழ்வாரத்தைக் குனிந்து போகிற மாதிரி இறக்கி வைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆகவே கூரையின் தாழ்ந்த பக்கம் சாரல் வரும் திசையைப் பார்த்து இருக்கட்டும்.

திசை ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. சென்னையிலிருந்து டெல்டா வழியாக ராமநாதபுரம் வரை வடக்கும் கிழக்கும்தான் நனையும் பக்கங்கள். தென்காசி, கன்னியாகுமரி, வால்பாறை, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் எந்தப் பக்கம் பாசி பிடித்திருக்கிறது என்று பாருங்கள், திசை தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்துக்கு மட்டும் சுருட்டி ஏற்றும் படுதா போடுங்கள். உரச்சாக்கைப் பிரித்துத் தைத்தாலே போதும். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு நிரந்தரமாகத் தகரமோ செங்கல்லோ வைத்துவிட்டால் தெறிக்கும் தண்ணீரும் நிற்கும், நாயும் வலையைக் கடிக்க முடியாது.

எதற்கு வம்பு, நாலு பக்கமும் பாலித்தீன் சுற்றி மூடிவிட்டால்?

வேண்டாம். மழை நனைக்காத பட்டியைக் கோழியின் மூச்சும் எச்சமுமே உள்ளிருந்து நனைத்துவிடும். காலையில் பாலித்தீனின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் காற்று போதவில்லை என்று பொருள். அடைமழையிலும் ஒரு பக்கம் முழுக்கவும், மற்றப் பக்கங்களில் கூரைக்குக் கீழே ஓரடியும் திறந்திருக்க வேண்டும்.

கூரைத் தண்ணீரை எங்கே விடுவது?

ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 10க்கு 20 அடிக் கூரை என்றால் சுமார் 18.6 சதுர மீட்டர், 100 மி.மீ. மழை பெய்யும் ஒரு நாளில் அதிலிருந்து 1,860 லிட்டர் இறங்கும். இத்தனையும் பட்டியின் ஓரத்தில் ஒரே கோட்டில் விழுந்தால் அங்கே குழி விழுந்து, ஊற்றாக உள்ளேயே திரும்பி வரும். கூரை போட்டும் சேறு போகவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நாலு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து கூரை ஓரத்தில் கட்டி, ஒரு முனையை டிரம்முக்கோ வாழைக்கோ திருப்பிவிடுங்கள். டிரம்முக்கு மூடி அவசியம், கொசுவுக்காக. குழாய் கட்ட வசதியில்லை என்றால் சொட்டு விழும் கோட்டில் ஓரடி அகலத்துக்கு ஜல்லி கொட்டி, அதை ஒட்டிச் சின்ன வாய்க்கால் வெட்டிவிடலாம். பட்டியின் தரை சுற்றுப்புறத்தைவிட அரையடியாவது மேடாக இருக்க வேண்டும். களிமண், கரிசல் பூமி என்றால் ஓரடி.

ஏற்கெனவே சேறாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

மழை விடும் வரை காத்திருக்காதீர்கள். கோழிகளை ஓரிரு நாள் கூண்டிலோ திண்ணையிலோ மாற்றி வைத்துவிட்டு, மேலே இருக்கும் கறுத்த சேற்றை ஒரு கை ஆழத்துக்கு வழித்துத் தென்னைக்கு அடியில் போடுங்கள். நல்ல உரம். அப்புறம் வெறும் மண்ணில் நீர்த்த சுண்ணாம்புத்தூளை மெல்லியதாகத் தூவி, ஒருநாள் விட்டு, மேலே ஆற்றுமணலோ எம்சாண்டோ மூன்று நாலு அங்குலம் பரப்புங்கள். அதன்மேல் கடலைத்தோல், மரத்தூள், உமி, இதில் எது மலிவோ அது.

சுண்ணாம்பைப் பழைய கூளத்தின்மேல், அதுவும் கோழி உள்ளே இருக்கும்போது தூவுவது பல இடத்தில் வழக்கம். எச்சத்தோடு சுண்ணாம்பு சேர்ந்தால் அம்மோனியா வாடை அந்த நேரத்துக்குக் கூடும். வழித்து எடுத்த பிறகு போடுவதே சரி.

வைக்கோல் போடலாமா என்று கேட்பார்கள். நம் மழைக்கு அது இரண்டே நாளில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் பதம்.

புயல் எச்சரிக்கை வந்தால் கூரையை என்ன செய்வது?

மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் கொடுக்கும் அழுத்தம் சுமார் 65 கிலோ அளவுக்கு வரும். மேலே சொன்ன 10க்கு 20 கூரைக்கு அது ஒரு டன்னைத் தாண்டும். கூரை விழுந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். புயலில் அது பெரும்பாலும் மேலே தூக்கிக்கொண்டுதான் போகும். பக்கங்கள் திறந்திருக்கும் பட்டியில் காற்று அடியில் புகுந்து தூக்கும். கால்களை இரண்டடிக்குக் குறையாமல் இறக்கிக் காங்கிரீட் போட்டிருக்க வேண்டும், சட்டத்தைக் காலோடு போல்ட்டில் முடுக்கியிருக்க வேண்டும். ஆணி மட்டும் போதாது.

தார்ப்பாய்க் கூரை என்றால் எச்சரிக்கை வந்ததும் அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள். கோழிகளை வீட்டு அறையிலோ குளியலறையிலோ ஒரு ராத்திரி கூடைபோட்டுக் கவிழ்த்து வைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது டெல்டாவில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்ததைப் பார்த்தவர்கள், நிழலுக்காகத் தென்னைக்கு அடியில் பட்டி போட இப்போதும் யோசிப்பார்கள். புயல் இல்லாத நாளிலும் ஒரு காய்ந்த மட்டை விழுந்தால் ஃபைபர் ஷீட் உடையும்.

தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்குக் கோழி பயப்படாதா?

முதல் மழைக்கு மிரளும். அப்புறம் பழகிவிடும். ரொம்பவும் உறுத்தினால் ஷீட்டின்மேல் ஒரு வரிசை கீற்றைப் போட்டுக் கட்டுங்கள். சத்தமும் அடங்கும், சித்திரையில் சூடும் குறையும்.

சித்திரை வெயிலில் இதே தகரம் அடுப்பாகிவிடாதா?

ஆகும். அதனால்தான் கூரையின் உயர்ந்த பக்கம் 7, 8 அடிக்குக் குறையக்கூடாது என்பது. வெப்பக்காற்று மேலே ஏறி வெளியேற அந்த இடைவெளி வேண்டும். பட்டியின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை மாலை வெயில் உள்ளே புகும் பக்கம் சிறுத்துவிடும்.

எல்லாக் கோழிக்கும் ஒரே பாதுகாப்புதானா?

நாட்டுக்கோழி, கடக்நாத் எல்லாம் தூறலை உதறிவிட்டுப் போகும். சில்கி போன்ற ஃபேன்ஸி வகைகளின் இறகு பஞ்சு மாதிரி தண்ணீரை இழுக்கும். நனைந்தால் தோல்வரை நனையும். அவற்றுக்குக் கூரை இல்லாத பட்டியே கூடாது. குஞ்சுகள் இறகு முழுதாக மூடும் வரை, அதாவது எட்டு வாரம் வாக்கில், மழையில் விடக்கூடாது. தப்பித்தவறி நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி எடுத்து, பல்பு வெளிச்சத்தில் காயவிட்டு, நடுக்கம் நின்ற பிறகு தீவனம் கொடுங்கள்.

ஊட்டியில் இருக்கிறோம். மழையைவிட உறைபனிதான் தொல்லை. கூரை உதவுமா?

நன்றாகவே உதவும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மேகம் இல்லாத, காற்றில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதனால்தான் காந்தல், தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் புல் வெளுத்துக் கிடக்கிறது, பக்கத்திலேயே மரத்தடியில் பச்சையாக இருக்கிறது. வானத்துக்கும் தரைக்கும் இடையில் எது குறுக்கே நின்றாலும் உறைபனி விழாது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடி வைப்பதும் இதற்குத்தான்.

பட்டிக்கு மெல்லிய கூரை இருந்தாலே போதும். காலையில் கோழி உறைந்த புல்லை மிதிக்காது, தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் கண்ணாடிபோல் ஏடு படியாது. ஆனால் ஜூன் ஜூலையில் மேற்கிலிருந்து வரும் சாரலுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கட்ட வேண்டும். கூடலூர் பக்கம் போகப் போக அந்தக் கவலைதான் பெரிது.

கனடாவில் கொல்லையில் கோழி வைத்திருக்கிறோம். ஊரில் போட்ட மாதிரி தார்ப்பாய்க் கூரை போட்டால் பனிப்பொழிவைத் தாங்குமா?

தாங்காது. மழை வழிந்து ஓடிவிடும், பனி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். கணக்கு இதுதான்: புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோ. அதே பனி ஈரமாகி இறுகினால் 300 கிலோவைத் தாண்டும். 8க்கு 10 அடிக் கூரையில் 30 சென்டிமீட்டர் புதுப்பனி நின்றால் சுமார் 110 முதல் 220 கிலோ. இறுகிய ஈரப்பனி என்றால் 650 கிலோவுக்கு மேல். பனி விழுந்து, அதன்மேல் மழை பெய்து, பிறகு உறைகிற வாரம்தான் கூரைகள் விழுகிற வாரம்.

அங்கே வாட்டம் 30 பாகைக்குக் குறையக்கூடாது. வழவழப்பான தகரம் இருந்தால் பனி தானே சரிந்துவிடும். 8 அடிக்கு ஒன்றரை அடி என்று மேலே நம் ஊருக்குச் சொன்ன கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். குறுக்குச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக அடுக்குங்கள். சரிகிற பனி விழும் பக்கத்தில் கதவு வைக்க வேண்டாம், காலையில் திறக்க முடியாது. நீளமான கைப்பிடியில் மென்மையான துடைப்பம் ஒன்றைப் பட்டிக்கு அருகிலேயே வைத்திருந்து, பனி அரையடி சேரும்போதே தள்ளிவிட்டால் பாதிக் கவலை தீரும். வேலையைத் தொடங்கும் முன் உங்கள் நகராட்சி கோழி வளர்க்கவும் கொட்டகை கட்டவும் அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் சட்டம் வேறு.

கூரை வேண்டாம், மேலே வலை மட்டும் போட்டிருக்கிறோம். பனி வலை வழியாகக் கீழே விழுந்துவிடும்தானே?

உலர்ந்த தூள்பனி விழும். ஈரப்பனி வலைக்கண்ணில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் வலையே ஒரு கூரையாகிவிடும். அரை அங்குலக் கண் கொண்ட கம்பிவலையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நைலான் வலை என்றால் நவம்பரில் கழற்றிவிடுவது அல்லது நடுவில் முகட்டுக்கம்பி கொடுத்துச் சாய்ப்பது, இரண்டில் ஒன்று.

குளிருக்குப் பட்டியை மூடி உள்ளே ஹீட்டர் விளக்கு போடலாமா?

காற்று அடிக்கும் பக்கங்களில் தெளிவான பாலித்தீன் அல்லது பாலிகார்பனேட் தகடு கட்டுங்கள், நல்லது. மேலே கூரையடியில் காற்றுப் போக வழி விடுங்கள். கோழியின் உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸ் வாக்கில் இருக்கும். இறகைப் புடைத்துக்கொண்டு உலர்ந்த குளிரை நன்றாகத் தாங்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் கொண்டை கருகி உறைபுண் வரும். விளக்கு ஒன்று சரிந்து கூளத்தில் விழுந்தால் முழுக் கொட்டகையும் போய்விடும் என்பதால் நான் அதைச் சொல்லவே மாட்டேன். தண்ணீர் உறையாமல் இருக்க அடியில் வைக்கும் சூடேற்றி ஒன்றே போதும். பனித்தரையில் கோழி இறங்கத் தயங்கும். அந்த ஊரின் உலர்ந்த குளிரில், கூரைக்கடியில் வைக்கோல் போடலாம், நம் மழைக்கு ஆகாதது அங்கே நன்றாகவே உழைக்கும்.

பிரிட்டனில் பறவைக் காய்ச்சல் உத்தரவுகள் வருகின்றன. கூரைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. பெரும்பாலும் காட்டுப் பறவையின் எச்சம் வழியாகத்தான் நோய் பட்டிக்குள் இறங்குகிறது. கோழியை உள்ளே அடைக்கச் சொல்லும் உத்தரவு வந்தால், நீர் புகாத கெட்டிக் கூரையும் பக்கங்களில் 25 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையும் இருக்கிற பட்டி உள்ளவர்களுக்கு வேலை சுலபம். மற்றவர்கள் அவசர அவசரமாகக் கடைக்கு ஓட வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த வருடம் கையில் காசு கொஞ்சம்தான். எதை முதலில் செய்வது?

தரையை மேடாக்கி வாய்க்கால் வெட்டுங்கள், அதற்கு மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். அடுத்துக் கூண்டு வாசலை ஒட்டி ஒரு பகுதிக்கு மட்டும் முகடு வைத்துத் தார்ப்பாய். சாரல் பக்கத்துக்குச் சாக்குப் படுதா. தகரமும் இரும்புக்காலும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்; சவுக்குக் காலை நடும்போதே மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசிவிட்டால் அதுவரை கரையானுக்குத் தாக்குப் பிடிக்கும்.

வேலையை எப்போது தொடங்குவது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20ஐ ஒட்டி. ஆவணியிலேயே தொடங்கினால் கீற்றும் கிடைக்கும், ஆளும் கிடைக்கும். புரட்டாசி கடைசியில் தீபாவளி நெருக்கத்தில் ஷீட் அடிக்கிறவரைக் கூப்பிட்டால் "திங்கட்கிழமை வரேண்ணே" என்பார், எந்தத் திங்கட்கிழமை என்று சொல்ல மாட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையோரத்தில் இருப்பவர்கள் இதையே சித்திரைக் கடைசிக்கு முன்தள்ளிக்கொள்ளுங்கள்.